ஆகஸ்ட் லீவுக்கு நுவரெலியா டவுன் வேண்டாம், வேறு எங்கே போகலாம்? (அம்மா, சின்னப் பிள்ளைகளோடு)

பொகவந்தலாவைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் லீவில் வத்தளையிலிருந்து குடும்பமாக மலைநாட்டுப் பக்கம் வருகிறோம். நானும் அவரும், பிள்ளைகள் இரண்டு பேர் (பத்து வயது, ஆறு வயது), அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரை என்றால் எவ்வளவு தூரமும் நடப்பார், படியைக் கண்டால் நின்றுவிடுவார்.

நான் பிறந்து வளர்ந்தது பொகவந்தலாவைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். பிள்ளைகள் கொழும்புப் பிள்ளைகள். அவர்களுக்கு மலைநாடு என்றால் கிரகரி வாவியில் போட், விக்டோரியா பார்க், ஸ்ட்ரோபெரி மில்க் ஷேக், அவ்வளவுதான். போன சித்திரை லீவில் நுவரெலியாவுக்குப் போய் பாதி நாள் வேனுக்குள்ளேயே போனது. எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயிலைவிட செல்ஃபி ஸ்டிக்தான் அதிகம் தெரிந்தது. இந்த முறை இரண்டுமே வேண்டாம்.

கேட்பது இவ்வளவுதான்: சனம் குறைவாக இருக்க வேண்டும், பிள்ளைகள் ஓட இடம், அம்மா உட்கார இடம், பக்கத்தில் எங்காவது கழிப்பறை. மலை ஏறுவது, கூடாரம் அடிப்பது எல்லாம் வேண்டாம். வேன் இருக்கிறது, அவரே ஓட்டுவார். ரயிலும் சரி.

ஹப்புத்தளை டீச்சர் எழுதியது:

தங்கச்சி, இடத்தைக் கேட்பதற்கு முன்னால் மாதத்தைப் பாருங்கள். மலைநாடு முழுக்க ஒரே வானம் இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அது கொண்டுவரும் மழை எல்லாம் மேற்குச் சரிவில்தான் கொட்டும். கினிகத்தேன, நோர்ட்டன், ஹட்டன், மஸ்கெலியா, உங்கள் பொகவந்தலாவ எல்லாம் அந்தப் பக்கம். மலை முகட்டைத் தாண்டி ஊவாவுக்கு வந்தால் அதே ஆகஸ்டில் வெயில், வறண்ட காற்று. ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுவதே ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அடிக்கும் அந்தக் காற்றில்தான். டிசம்பர் லீவுக்கு வந்தால் கதை தலைகீழ், அப்போது எங்கள் பக்கம் நனையும். ஆகவே இந்த முறை ஹப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ தங்குங்கள். பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டால் தாடைக்குக் கீழே கட்டும் வார் உள்ளதாகப் போடுங்கள்; காற்று சும்மா விடாது.

இதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்ல வேண்டியதில்லை, ரயிலில் காட்டலாம். ஹப்புத்தளையில் ஏறி கொழும்புப் பக்கமாகப் போனால் இதல்கஸ்ஹின்ன, ஒஹிய, பட்டிப்பொல என்று வரிசையாக வரும். சுரங்கம் சுரங்கமாகப் போகும், பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் கத்துவார்கள், பெட்டியில் யாரும் கோபிக்க மாட்டார்கள். பட்டிப்பொலதான் நாட்டிலேயே உயரமான ரயில் ஸ்டேஷன், 1,891 மீட்டர். அதை ஒட்டி இந்தப் பாதையின் உச்சி, 1,898 மீட்டர் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். ஒஹிய பக்கம் வெயிலாக இருக்கும். உச்சியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தால் பனிமூட்டம், சில நாள் மழை. ஆகஸ்டில் இதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பருவக்காற்று பற்றி இதைவிட நல்ல பாடம் என்னால் வகுப்பில் எடுக்க முடியாது.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் அடுத்த ஸ்டேஷனான இதல்கஸ்ஹின்னவில் இறங்கிவிடுங்கள். ஸ்டேஷன் மலை முகட்டின் மேலேயே இருக்கிறது. ஒரு பக்கம் தெற்கே சமவெளி வரை சரிந்து போகும், மறுபக்கம் ஊவா மலைகள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடியே இரண்டையும் பார்க்கலாம். அங்கே பெரிய கடை கிடையாது; ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள், ஃபிளாஸ்கில் தேத்தண்ணி. இறங்கியவுடனே திரும்பி வரும் ரயில் எத்தனை மணிக்கு என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேளுங்கள். தாமதம் சகஜம். சிலர் தண்டவாளம் வழியாகவே ஹப்புத்தளைக்கு நடக்கிறார்கள், அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

அதிஷாம் பங்களாவும் உங்களுக்குச் சரிவரும். 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர் கருங்கல்லில் கட்டியது, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி), பாடசாலை லீவு நாட்களில் உள்ளே விடுவார்கள். பூந்தோட்டம் பெரும்பாலும் சமதரை. அவர்கள் செய்யும் கொய்யா ஜெலி வாங்காமல் வந்தால் அம்மா உங்களைத் திட்டுவார். பக்கத்தில் தங்கமலைக் காடு, பறவைகள் சரணாலயம். அதற்குள் கொஞ்ச தூரம் போய் வரலாம். முழுப் பாதையும் இதல்கஸ்ஹின்ன வரை போகும், அது உங்களுக்கு இல்லை.

லிப்டன் சீட்டை (தேயிலை லிப்டன் உட்கார்ந்து பார்த்த மலை உச்சி) நான் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். போவதானால் காலை ஆறரை ஏழுக்கு. ஒன்பதுக்குப் பிறகு மூட்டம் மேலே வந்துவிட்டால் வெள்ளைச் சுவர்தான்.

பதுளை ரோட் எழுதியது:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லவில் இறங்காமல் அதே ரயிலில் தெமோதர வரை வாருங்கள். ரயில் ஸ்டேஷனைக் கடந்து, மலையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, அந்த ஸ்டேஷனுக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். நீங்கள் ஸ்டேஷனில் இறங்கி நின்றால் இப்போது போன ரயில் காலுக்குக் கீழே போவதைப் பார்க்கலாம். இவ்வளவு இறக்கத்தில் பாதை போடுவது எப்படி என்று எஞ்சினியர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டினாராம். அதைப் பார்த்துத்தான் எஞ்சினியருக்கு யோசனை வந்ததாம். கதைதான். ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு துண்டைக் கொடுத்துச் சுற்றிக் காட்டினால் சட்டென்று விளங்கும். பதுளை வரை ரயில் வந்து சேர்ந்தது 1924இல்.

வேனில் என்றால் ஹாலிஎல பக்கம் போகொட மரப் பாலம். ஓடு வேய்ந்த கூரையோடு ஓயாவுக்குக் குறுக்கே நிற்கும் பழைய பாலம், பக்கத்திலேயே விகாரை. இரும்பு ஆணி இல்லாமல் மரத்தை மரத்தோடு பொருத்தியிருக்கிறார்கள். பாலத்துக்கு இறங்க வேண்டும். அம்மாவைக் கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டிப் போக முடியுமா என்று அங்கே பார்த்து முடிவு எடுங்கள். விகாரை இடம் என்பதால் உடுப்பில் கவனம்.

துன்ஹிந்த அருவிக்குக் காட்டுப் பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். அம்மாவுக்குச் சொல்ல மாட்டேன்.

பதுளை டவுனில் சென் மார்க்ஸ் தேவாலயம் என்று ஒன்று இருக்கிறது. மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டியது. ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று சொல்கிறார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். என் பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் யானைகளின் பக்கம்தான் நிற்பார்.

அட்டைக்கடி எழுதியது:

எல்லாரும் வயசானவர்களுக்கான இடமாகவே சொல்கிறீர்கள் :) மடூல்சீமைக்குப் போங்கள் அக்கா, பிட்டமாருவ. குட்டி உலக முடிவு. விடியற்காலை மேகம் காலுக்குக் கீழே. இல்லாவிட்டால் மஸ்கெலியாவில் கார்ட்மோர் அருவிக்கு மேலே உள்ள தடாகம், படத்தைப் பார்த்தால் வெளிநாடு என்பீர்கள்.

ஹப்புத்தளை டீச்சர் எழுதியது:

// பிட்டமாருவ. குட்டி உலக முடிவு. //

தம்பி, ஆறு வயதுப் பிள்ளையோடு வேலி இல்லாத செங்குத்து விளிம்புக்கா? நீங்கள் நண்பர்களோடு போங்கள், நன்றாக இருக்கும். அருவி உச்சியில் உள்ள தடாகத்தில் பிள்ளைகளை இறக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இங்கே வெயிலடிக்கும்போது மேலே எங்கோ மழை பெய்திருக்கும். தண்ணீர் ஏறுவது தெரிவதற்குள் ஏறியிருக்கும்.

யாழ்ப்பாணத்து மாமி எழுதியது:

நாங்களும் ஆகஸ்டில்தான் வரப் பார்க்கிறம். குளிர் எப்படி? மச்சம் மாமிசம் இல்லாத சாப்பாடு கிடைக்குமோ?

ஹப்புத்தளை டீச்சர் எழுதியது:

பண்டாரவளை இதம்தான், இரவுக்கு ஒரு சுவெட்டர் போதும். ஹப்புத்தளை காற்றுக்குக் காது மூடும் தொப்பி வேண்டும். சைவச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை மாமி. பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளை மூன்றிலும் தோசை, இடியப்பம் போடும் சைவக் கடைகள் இருக்கின்றன. வழியில் வெலிமடைப் பக்கம் திவுரும்பொல விகாரைக்கும் போய் வாருங்கள், சீதை தீக்குளித்த இடம் என்று சொல்வார்கள். சீதா எலியாவில் உள்ள சனம் இங்கே இருக்காது.

மஸ்கெலியா மழை எழுதியது:

ஆகஸ்ட் என்றவுடன் எங்கள் பக்கத்தை மொத்தமாக ஒதுக்கிவிட்டீர்களே டீச்சர். மழை பெய்யும், உண்மை. நாள் முழுக்கப் பெய்யாது. இந்த அக்கா சொந்த ஊர்ப் பக்கம் ஒரு நாளாவது வராமலா போவார்?

காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே வார்லி தேவாலயம், டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில். 1878இல் கட்டியது. கருங்கல் சுவர், வண்ணக் கண்ணாடி ஜன்னல், சுற்றிலும் பழைய தோட்டத் துரைமாரின் கல்லறைகள். வெளியே நின்றால் கீழே முழு நீர்த்தேக்கமும் தெரியும். வேன் வாசல் வரை போகும், அம்மா இறங்கி உட்காரலாம். மூடியிருந்தால் பக்கத்தில் கேட்டால் ஆள் வருவார்.

அப்புறம், அக்கா, உங்கள் ஊரிலேயே உலகப் புகழ் பெற்ற ஒருவரின் கல்லறை இருக்கிறது, தெரியுமா? பொகவந்தலாவ சென் மேரீஸ் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கெமரன். கெமரா வந்த புதிதில் படம் எடுத்து இங்கிலாந்தையே திரும்பிப் பார்க்க வைத்த அம்மா. 1875இல் கணவரோடு இங்கே வந்தார், அவர்களுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் இறந்து இங்கேயே அடக்கம். கணவர் யாரென்றால், கோல்புறூக் – கெமரன் ஆணைக்குழு என்று ஓ.எல். வரலாற்றில் மனப்பாடம் பண்ணினோமே, அந்த கெமரன். பக்கத்திலேயே இருக்கிறார். அந்த அம்மா இங்கே எடுத்த படங்களில் தோட்டத்து நம் ஆட்களும் இருக்கிறார்கள். நம்மவர்களின் முகத்தை அவ்வளவு ஆரம்பத்தில், அவ்வளவு கிட்டத்தில் பார்த்த கெமராக்கள் அதிகம் இல்லை. போவதற்கு முன் போனில் அந்தப் படங்களைத் தேடிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பிறகு கல்லறை வெறும் கல்லாகத் தெரியாது.

மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் பழைய மஸ்கெலியா டவுன் இருக்கிறது. 1969இல் அணை கட்டியபோது மூழ்கியது. தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் தலைகாட்டும். ஆகஸ்டில் தண்ணீர்தான் தெரியும். அதற்குப் பங்குனி சித்திரையில் வாருங்கள்.

பொகவந்தலாவைக்காரி எழுதியது:

சென் மேரீஸா! பள்ளிக்கூடம் போகும்போது தினம் அந்த வழியாகத்தான் போனேன், அந்தக் கோயில் மதிலில் ஏறி விளையாடியிருக்கிறோம். அப்படி ஒருவர் அங்கே இருக்கிறார் என்று ஒரு டீச்சரும் சொன்னதில்லை. அம்மாவிடம் இப்போதுதான் வாசித்துக் காட்டினேன். "அந்த வெள்ளைக்காரச்சி கல்லறையா, தெரியுமே" என்கிறார்.

தலவாக்கலைப் பொடியன் எழுதியது:

நல்ல இழை. ஆனாலும் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும், கோபிக்க வேண்டாம். "யாருக்கும் தெரியாத இடம்" என்று இப்படி இணையத்தில் போட்டபிறகு அது யாருக்கும் தெரியாத இடமாக எத்தனை நாள் இருக்கும்? எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு சின்ன அருவி. பெயர் சொல்ல மாட்டேன். யாரோ வீடியோ போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனி ஞாயிறும் வேன் வேனாக வருகிறார்கள். அந்த ஓடையிலிருந்து குழாய் போட்டுத்தான் மூன்று லயத்துக்கு (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்) தண்ணீர். மேலே சவர்க்காரம் போட்டுக் குளிக்கிறார்கள், கீழே எங்கள் வீட்டுக் குசினியில் அதைக் குடிக்கிறோம். போனபிறகு பொறுக்கினால் ஷாம்பு பைக்கற், பியர் டின், சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் ஷீட்.

இன்னொன்று, கொழுந்து எடுக்கும் அக்காமாரைக் கேட்காமல் படம் எடுப்பது. மலையில் நிறை குறைந்தால் சம்பளம் குறையும், அந்த நேரத்தில் "கொஞ்சம் இப்படித் திரும்புங்க, சிரிங்க" என்றால் எப்படி? லயத்துக்கு மேலே ட்ரோன் விடுகிறார்கள். நாங்கள் துணி காயப்போட்டிருக்கும் இடம் அது. வெள்ளைக்காரன் செய்தால்கூட விடலாம், கொழும்பிலிருந்து வரும் நம் ஆட்களே செய்யும்போதுதான் கஷ்டம்.

அட்டைக்கடி எழுதியது:

அப்படியென்றால் யாரும் எங்கும் போகக்கூடாதா ப்ரோ? சுற்றுலா வந்தால்தானே கடைக்காரனுக்கும் த்ரீவீல்காரனுக்கும் நாலு காசு.

தலவாக்கலைப் பொடியன் எழுதியது:

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிறவர்கள் டவுனிலேயே சாப்பாடு, தண்ணீர், பிஸ்கட் எல்லாம் வாங்கி ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். எங்களுக்கு மிஞ்சுவது குப்பைதான். தோட்டத்துக் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்தால், முன் வீட்டில் "இந்த வழியாகப் போகலாமா" என்று ஒரு வார்த்தை கேட்டால், அது வேறு. கேட்டுப் பாருங்கள், பாதி நேரம் அந்த வீட்டுப் பையனே வழிகாட்ட வருவான். அவனுக்கு ஏதாவது கொடுங்கள்.

ஹப்புத்தளை டீச்சர் எழுதியது:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதில் நான் அவர் பக்கம். கவனித்தீர்களா, நான் சொன்னது எல்லாம் ரயில் ஸ்டேஷன், மடம் என்று பொது இடங்கள்தான். ஆட்கள் வந்தால் தாங்கும் இடங்கள் அவை. குடிதண்ணீர் ஓடைகளையும் லயத்துக்கு நடுவில் போகும் பாதைகளையும் இங்கே பெயர் சொல்லிப் போடாமல் இருப்போம். அங்கே சொந்தக்காரர் இருப்பவர்கள் சொந்தக்காரரோடு போகட்டும்.

வேன்காரர் எழுதியது:

இத்தனை வருசமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறவன் என்ற முறையில் அண்ணனுக்கு (ஓட்டப் போகிறவருக்கு) சில வார்த்தை.

கொழும்பிலிருந்து நேரே ஊவாவுக்கு என்றால் அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல, ஹப்புத்தளை. கண்டியும் வேண்டாம், நுவரெலியாவும் வேண்டாம். ஆகஸ்டில் கண்டியில் எசல பெரஹரா (தலதா மாளிகை ஊர்வலம்) விழுந்தால் டவுனுக்குள் ரோட்டெல்லாம் மூடிவிடுவார்கள், திகதி பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது வெலிமடை, நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேன வழியாக இறங்கலாம். அப்போது பொகவந்தலாவைக்கு உள்ளே போய் வர வசதி.

நானுஓயா பக்கம் கூகுள் மெப் உங்களை ரதல்ல குறுக்கு ரோட்டில் விடப் பார்க்கும். போகாதீர்கள். 2023 ஜனவரியில் ஒரு பஸ் அங்கே பிரேக் பிடிக்காமல் வேனிலும் த்ரீவீலிலும் மோதி ஏழு பேர் போனார்கள். பெரிய ரோட்டில் சுற்றிப் போனால் கொஞ்ச நேரம்தான் கூட. இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காது. கருகிய வாசம் வந்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். மூட்டத்தில் ஹை பீம் போட்டால் இன்னும் வெள்ளையாகத்தான் தெரியும், டிம் போதும்.

பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். பெரகல ஏற்றத்துக்கு முன்னால் பால் கொடுக்க வேண்டாம், போனும் கொடுக்க வேண்டாம்.

போகிற வழியில் ஹல்தும்முல்ல தாண்டுவதற்கு முன் களுபஹனையில் திரும்பினால் பம்பரகந்த. இலங்கையிலேயே உயரமான அருவி, 263 மீட்டர். ரோட் ஒடுக்கம், எதிரே பஸ் வந்தால் ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் தண்ணீர் குறைவாக இருக்கலாம். ரோட்டிலேயே வேனை நிறுத்தி அருவி பார்க்க வேண்டும் என்றால் தியலுமதான், கொஸ்லாந்தையிலிருந்து வெல்லவாய போகும் வழியில். 220 மீட்டர். அடிவாரம் மட்டும், மேலே ஏற வேண்டாம்.

பதுளை ரோட் எழுதியது:

கொஸ்லாந்தை என்றதும் மீரியபெத்தைதான் ஞாபகம் வருகிறது. 2014 ஒக்டோபர் 29, காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த வழியில் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள், அருவி மட்டும் இல்லை. மழைக்காலத்தில் எந்தப் பக்கம் வந்தாலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை போடும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். நீங்கள் போகிற பிரிவுக்கு செம்மஞ்சள் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், ஹோட்டல் காசு போனால் போகட்டும்.

கண்டி வாசி எழுதியது:

கண்டியை எல்லாரும் தவிர்க்கச் சொல்கிறீர்கள். பெரஹரா முடிந்த வாரம் வாருங்கள், ஒரு நாளுக்கு என்னிடம் நல்ல வழி இருக்கிறது.

பேராதனை, கலஹா, தெல்தோட்டை வழியாக லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம். அவர் இருந்த மரவீட்டில் புகைபோக்கி மட்டும் நிற்கிறது, உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த கல் இருக்கையும் இருக்கிறது. மேலே போகும் ரோட் மோசம், த்ரீவீலில் போவது நல்லது. நம் பாட்டன் பூட்டன் தலைமுறை இந்த மலைக்கு வந்த கதை கோப்பியோடு தொடங்கியது, தேயிலைக்கு மாறியது இங்கே. லூல்கந்துர இருக்கும் அதே ஹேவாஹெட்டப் பக்கம்தான் முல்லோயாத் தோட்டமும். 1940 ஜனவரியில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தது அங்கேதான். டெய்லருக்குக் கல் இருக்கிறது என்று காட்டும்போது கோவிந்தனையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஹந்தானையில் தேயிலை நூதனசாலை. 1925இல் கட்டிய பழைய ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), நாலு மாடி. உருட்டும் மெஷின், பழைய எஞ்சின் எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அம்மாவுக்குப் படி கஷ்டம். எனக்கு அதைவிடப் பிடித்தது கம்பளைக்கும் புஸ்ஸல்லாவைக்கும் இடையில், பாரதெக்கவில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை. ஒரு பழைய லயத்தையே நூதனசாலையாக மாற்றியிருக்கிறார்கள், 2007இல் தொடங்கியது. அம்மி, உரல், விளக்கு, கொழுந்துக் கூடை, பழைய பத்திரங்கள். ஹந்தானையில் மெஷின் இருக்கிறது, இங்கேதான் ஆட்கள் இருக்கிறார்கள். போவதற்கு முன் போனில் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஆள் இல்லாமல் பூட்டியிருக்கும் நாட்களும் உண்டு.

மஸ்கெலியா மழை எழுதியது:

அம்மாவை அங்கே கூட்டிப் போங்கள் அக்கா. என் அப்பாவை ஒருமுறை கூட்டிப் போனேன். அங்கே இருந்தவர் விளக்கம் சொல்லத் தொடங்க, அப்பா இடையில் புகுந்து "அது அப்படி இல்லை தம்பி, இந்தக் கூடையை இப்படித்தான் கட்டுவோம்" என்று அவருக்கே வகுப்பு எடுத்தார்.

யாழ்ப்பாணத்து மாமி எழுதியது:

தோட்டத்துக்குள்ள போய் ஸ்டோர் பார்க்க விடுவினமோ?

ஹப்புத்தளை டீச்சர் எழுதியது:

எல்லாத் தோட்டத்திலும் விடமாட்டார்கள், சுற்றிக் காட்டுவதற்கென்று ஏற்பாடு உள்ள ஸ்டோர்களில் டிக்கட் எடுத்துப் பார்க்கலாம். தம்பதென்ன ஒன்று, லிப்டனே 1890இல் கட்டியது. கொழுந்து எடுக்காத நாளுக்கு மறுநாள் போனால் மெஷின் சும்மா நிற்கும், ஆகையால் திங்கட்கிழமை வேண்டாம்.

பொகவந்தலாவைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசி ஒரு மாதிரி முடிவாகிவிட்டது. இரத்தினபுரி வழியாகப் போய் பண்டாரவளையில் தங்குகிறோம். ரயிலில் ஹப்புத்தளையிலிருந்து பட்டிப்பொல போய்த் திரும்பி வருவது (சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் மழை என்றதும் மூத்தவன் இப்போதே குடையை எடுத்து வைத்துவிட்டான்). அதிஷாம். ஒரு நாள் தெமோதர, முடிந்தால் போகொட. திரும்பும்போது ஹட்டன் வழியாக வந்து பொகவந்தலாவையில் பெரியம்மா வீட்டில் ஒரு இரவு, மறுநாள் சென் மேரீஸ், வார்லி. கண்டிப் பக்கம் இந்த முறை இல்லை; பாரதெக்கவுக்கு டிசம்பரில் அம்மாவைத் தனியாகக் கூட்டிப் போகிறேன்.

தலவாக்கலைத் தம்பி, குப்பைக்கு ஒரு பெரிய பை வேனில் வைக்கிறேன். ட்ரோன் எங்களிடம் இல்லை, கவலை வேண்டாம்.

டீச்சர், இரண்டு கேள்வி. புதன்கிழமை அதிஷாம் திறந்திருக்குமா? பட்டிப்பொலவில் இறங்கி அடுத்த ரயில் வரும் வரை அம்மாவுக்கு உட்கார இடம் இருக்கிறதா?

ஹப்புத்தளை டீச்சர் எழுதியது:

பாடசாலை லீவு என்றால் புதன்கிழமையும் திறக்க வேண்டும். ஆனால் அவர்கள் கணக்கில் லீவு எந்தத் திகதியில் தொடங்குகிறது என்பதைப் புறப்படுவதற்கு முதல் நாள் போன் பண்ணிக் கேளுங்கள். பட்டிப்பொலவில் பெஞ்ச் இருக்கிறது, கழிப்பறையும் இருக்கிறது, குளிர்தான். அம்மாவுக்கு ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். போகும் ரயிலுக்கும் திரும்பும் ரயிலுக்கும் நடுவில் அதிக நேரம் இருந்தால் ஒஹியவிலேயே இறங்கிவிடலாம், ஆனால் அப்போது உச்சிச் சுரங்கம் கிடைக்காது. பையன் குடையோடு ஏமாந்துபோவான்.

தலவாக்கலைப் பொடியன் எழுதியது:

அக்கா, தலவாக்கலை தாண்டும்போது சென் கிளயர் அருவிக்கு நிறுத்துவீர்கள்தானே? பகலில் வாருங்கள். மேல் கொத்மலை அணைக்குப் பிறகு பகலில்தான் தண்ணீர் விடுகிறார்கள். ரோட்டோரக் கடையில் தேத்தண்ணி நன்றாக இருக்கும், வடை சுடச்சுட வரும் வரை காத்திருங்கள்.